டிக்கெட் ஆப் ஈஸியா, கஷ்டமா? ஒரகடம் ஷிப்ட் தொழிலாளர்கள் தாங்களே சோதிப்பது எப்படி? முழு விளக்கம்

பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கவில்லை என்றால், "சீட் இல்லப்பா" என்று சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் சீட் இருந்தும் டிக்கெட் கைநழுவிப் போவது உண்டு. தேதி மாற்றிப் போட்டுவிடுவது, ஸ்டேஷனைத் தப்பாகத் தேர்வு செய்வது, ஓ.டி.பி. வருவதற்குள் நேரம் முடிவது, பணம் போயும் டிக்கெட் வராதது... இதெல்லாம் சீட் பிரச்சினை இல்லை. ஆப் திரை எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்ற பிரச்சினை.

ரயில் முன்பதிவு டிக்கெட்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இப்போது ஆன்லைனில்தான் எடுக்கப்படுகின்றன. அதாவது, கவுண்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் திரை இருக்கிறது. அந்தத் திரை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது? பிளே ஸ்டோரில் எத்தனை ஸ்டார் என்று பார்த்தால் போதுமா? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக 4 விஷயங்கள்

* ஆப் அழகாக இருப்பது வேறு, பயன்படுத்த எளிதாக இருப்பது வேறு.
* யார், எந்தச் சூழலில் பயன்படுத்துகிறார் என்பதை வைத்துத்தான் எளிமையை அளக்க வேண்டும்.
* தேதி, ஸ்டேஷன், வெயிட்டிங் லிஸ்ட், பணம் ஆகிய 4 இடங்களில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும்.
* ஹாஸ்டல் ரூமில் இருக்கும் 5 பேரை வைத்தே ஒரு ஆப்பைச் சோதித்துவிடலாம்.

ஒரகடத்தில் இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் கார், பைக், லாரி, டயர், செல்போன் என எல்லாமே தயாராகின்றன. ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ் ஆகியவை ஒரகடம் பக்கம். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில். சாம்சங், ஃபாக்ஸ்கான் சுங்குவார்சத்திரம் பக்கம். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் உண்டு. 2024 ஆகஸ்ட்டில் அது திறக்கப்பட்டது.

இங்கே வேலை பார்ப்பவர்களில் ஏராளமானோர் வெளியூர்க்காரர்கள். தென் மாவட்டங்கள், டெல்டா, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து வந்தவர்கள் ஒருபுறம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் இன்னொருபுறம். தீபாவளி, பொங்கல், சத் பூஜை என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிக்கெட் வேண்டும்.

ஆனால் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ரயில் நிலையமே கிடையாது. சிங்கப்பெருமாள்கோவில் போனால் புறநகர் ரயில். எக்ஸ்பிரஸ் வேண்டும் என்றால் செங்கல்பட்டு, தாம்பரம், எழும்பூர், சென்ட்ரல். தெற்கே போகும் அரசு பஸ் வேண்டும் என்றால் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம். எங்கே ஏறுவது என்பதே இங்கே உள்ளவர்களுக்கு ஒரு கேள்விதான். அந்தக் கேள்விக்கு ஆப் சரியாக உதவுகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

'பயன்பாட்டு எளிமை' என்றால் என்ன?

ஆங்கிலத்தில் இதை 'யூசபிலிட்டி' என்பார்கள். இதற்கு ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற சர்வதேசத் தர வரையறை இருக்கிறது. அது 3 விஷயங்களை அளக்கச் சொல்கிறது.

1. வேலை முடிந்ததா? சரியான தேதிக்கு, சரியான ஊருக்கு டிக்கெட் கிடைத்ததா?

2. எவ்வளவு சிரமத்தில் முடிந்தது? எத்தனை நிமிடம், எத்தனை திரை, எத்தனை முறை பின்னால் போய் வர வேண்டியிருந்தது?

3. பயன்படுத்தியவருக்குத் திருப்தியா? "அடுத்த தடவையும் இதுலயே போடலாம்" என்று தோன்றியதா, "இனிமே ஏஜென்ட்கிட்டயே குடுத்துடலாம்" என்று தோன்றியதா?

இந்த வரையறையில் இன்னொரு முக்கியமான வார்த்தையும் இருக்கிறது: சூழல். ஏ.சி. அறையில் வைஃபையோடு உட்கார்ந்து, பெரிய போனில் ஆப்பைச் சோதித்தவருக்கு அது எளிதாக இருக்கலாம். கேன்டீன் வரிசையில் நின்றபடி, விரிசல் விட்ட திரையில், டேட்டா தீரும் நேரத்தில் டிக்கெட் போடுபவருக்கும் அது எளிதாக இருக்கிறதா? அதுதான் உண்மையான தேர்வு.

சரி, இப்போது ஒவ்வொரு திரையாகப் பார்ப்போம்.

1. ஊர் பெயர்: ஆப் கேட்பது ஊரையா, ஸ்டேஷன் பெயரையா?

"ஒரகடம் டு திருநெல்வேலி" என்றுதான் ஒருவர் யோசிப்பார். ரயில் ஆப்போ ஸ்டேஷன் பெயரைக் கேட்கும். சென்னை என்று தட்டினால் எழும்பூர், சென்ட்ரல் எனப் பல பெயர்கள் வரும். ஸ்டேஷன் குறியீடும் கூடவே வரும். எழும்பூருக்கு 'எம்.எஸ்.', சென்ட்ரலுக்கு 'எம்.ஏ.எஸ்.'. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் தட்டினால் தப்பாகும் வாய்ப்பு அதிகம்.

நல்ல ஆப் என்றால் "உங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டேஷன்கள்: செங்கல்பட்டு, தாம்பரம்" என்று தானாகவே காட்ட வேண்டும். அப்படிக் காட்டாத ஆப்பில் இந்த வேலையைப் பயணிதான் செய்ய வேண்டியிருக்கிறது.

கவனிக்க: ஏறும் ஸ்டேஷனை எழும்பூரிலிருந்து செங்கல்பட்டுக்கு மாற்றிவிட்டால், பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை கிடையாது. இந்த எச்சரிக்கை, மாற்றும் பட்டனுக்கு மேலேயே பளிச்சென்று தெரிய வேண்டும். விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருந்தால் யார் படிப்பார்?

2. தேதி: நள்ளிரவு ரயிலில் வரும் சிக்கல்

இதுதான் பலரும் ஏமாறும் இடம். ஒரு ரயில் எழும்பூரிலிருந்து 12-ம் தேதி இரவு 11.40-க்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். செங்கல்பட்டுக்கு அது வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். காலண்டர்படி 13-ம் தேதி.

செங்கல்பட்டில் ஏறுபவர் மனசில் அது "12-ம் தேதி ராத்திரி வண்டி". ஆனால் ஆப்பில் செங்கல்பட்டு என்று போட்டுத் தேடும்போது 13-ம் தேதியைத் தேர்வு செய்தால்தான் அந்த ரயில் வரும். 12 என்று தேடி, அதில் வரும் 12.40 மணி வண்டியைப் பிடித்துவிட்டால், அது முந்தைய நாள் இரவு எழும்பூரில் கிளம்பிய வண்டி. ஷிப்ட் முடித்து 12-ம் தேதி இரவு ஸ்டேஷனுக்குப் போனால், அவருடைய ரயில் ஒரு நாள் முன்னாலேயே போயிருக்கும்.

இன்னொரு நுணுக்கம். தட்கல் திறக்கும் நாளை, ரயில் முதலில் புறப்படும் ஸ்டேஷனின் தேதியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். மேலே சொன்ன ரயிலுக்கு, நீங்கள் 13-ம் தேதி ஏறினாலும், தட்கல் திறப்பது 11-ம் தேதி காலை. 12-ம் தேதி திறக்கும் என்று காத்திருந்தால் போச்சு.

கவுண்டரில் இருக்கும் ஊழியர் சில நேரம், "12 ராத்திரியா, 13 ராத்திரியா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அந்த ஒரு கேள்வியை ஆப்பும் கேட்க வேண்டும். "இது 12-ம் தேதி இரவு கழிந்து, 13-ம் தேதி அதிகாலை 12.40" என்று கிழமையோடு காட்டினாலே பாதி தவறுகள் குறையும். இரவு பஸ் டிக்கெட்டுக்கும் இதே விதி பொருந்தும்.

3. மொழி: வெயிட்டிங் லிஸ்ட் எழுத்துகள் யாருக்குப் புரியும்?

ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஆன்லைன் டிக்கெட் சேவை 2002 ஆகஸ்ட்டில் தொடங்கியது. 20 ஆண்டுகளைத் தாண்டிய பிறகும், அதன் இணையதளத்தின் மொழிகள் ஆங்கிலமும் இந்தியும்தான். தமிழில் படித்துவிட்டு வேலைக்கு வந்தவருக்கும், ஒடியா மட்டும் தெரிந்தவருக்கும் முதல் தடை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆங்கிலம் தெரிந்தவருக்கும் புரியாதது சுருக்கெழுத்து. முக்கியமானவை இதோ:

* ஜி.என்.டபிள்யூ.எல். - பொதுக் காத்திருப்புப் பட்டியல். கன்ஃபார்ம் ஆகும் வாய்ப்பு இதில்தான் அதிகம்.
* ஆர்.எல்.டபிள்யூ.எல். - இடையில் உள்ள ஊர்களுக்கான காத்திருப்புப் பட்டியல். வாய்ப்பு குறைவு.
* பி.க்யூ.டபிள்யூ.எல். - பல சிறிய ஸ்டேஷன்களுக்கும் சேர்த்து ஒரே ஒதுக்கீடு. இதிலும் வாய்ப்பு குறைவு.
* டி.க்யூ.டபிள்யூ.எல். - தட்கல் காத்திருப்புப் பட்டியல்.
* ஆர்.ஏ.சி. - ரயிலில் ஏறலாம். ஒரு பெர்த்தை இருவர் பகிர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.

"ஜி.என்.டபிள்யூ.எல். 45 / டபிள்யூ.எல். 12" என்று வந்தால் என்ன அர்த்தம்? முதல் எண், வரிசையில் கொடுக்கப்பட்ட நம்பர். இரண்டாவது எண், இப்போது உண்மையில் எத்தனையாவது இடம் என்பது. பார்க்க வேண்டியது இரண்டாவதை. "உங்களுக்கு முன்னால் 11 பேர் இருக்கிறார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட், சார்ட் தயாரான பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருந்தால், அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்து ரயில் ஏற முடியாது. இதையும் டிக்கெட் போடும் திரையிலேயே சொல்ல வேண்டும்.

4. தவறைத் தடுக்கிறதா, நடந்த பிறகு அபராதம் போடுகிறதா?

திரை வடிவமைப்பை மதிப்பிட உலகம் முழுவதும் பயன்படுத்தப்படுவது, ஜேகப் நீல்சன் என்ற நிபுணர் 1994-ல் தொகுத்த 10 விதிகள். அதில் ஒரு விதி: தவறு நடந்த பிறகு அழகாக மன்னிப்புக் கேட்பதைவிட, தவறே நடக்காமல் தடுப்பது மேல்.

டிக்கெட் விஷயத்தில் இது நேரடியாகப் பண விவகாரம். கன்ஃபார்ம் ஆன தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. சாதாரண டிக்கெட் என்றாலும் பிடித்தம் உண்டு. அதனால் பணம் கட்டும் முன் வரும் கடைசித் திரையில் பெயர், தேதி, கிழமை, ஏறும் இடம், இறங்கும் இடம், வகுப்பு என எல்லாம் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும்.

இந்த விஷயத்தில் ஐ.ஆர்.சி.டி.சி.யில் நல்ல அம்சங்களும் இருக்கின்றன. பயணிகள் விவரத்தை முன்கூட்டியே சேமித்து வைக்கும் 'மாஸ்டர் லிஸ்ட்' வசதி உண்டு. பெர்த் உறுதியானால் மட்டும் டிக்கெட் போடு என்ற தேர்வும் உண்டு. அதை டிக் செய்துவிட்டால், கடைசி நொடியில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் கையில் வந்து மாட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை. குறை என்னவென்றால், இது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. கண்ணில் படாத வசதி, இல்லாத வசதிக்குச் சமம்.

5. பணம் போச்சு, டிக்கெட் எங்கே?

யு.பி.ஐ.யில் பணம் கட்டும்போது டிக்கெட் ஆப்பிலிருந்து இன்னொரு ஆப்புக்குப் போய், பின் நம்பர் போட்டு, மறுபடி திரும்பி வர வேண்டும். நடுவில் நெட்வொர்க் போனால், வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "திரும்ப அழுத்தலாமா, வேண்டாமா? ரெண்டு தடவ காசு போயிடுமோ?" என்ற பதற்றம் அங்கேதான் வருகிறது.

நீல்சன் சொல்லும் கணக்கு இது. 1 வினாடிக்குள் பதில் வந்தால் மனிதரின் கவனம் சிதறாது. 10 வினாடி தாண்டினால் கவனம் போய்விடும். அதற்கு மேல் ஆகும் என்றால், என்ன நடக்கிறது என்று ஆப் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "பணம் வந்துவிட்டது, சீட் ஒதுக்கப்படுகிறது, திரையை மூடாதீர்கள்" என்று ஒரு வரி போதும்.

பணம் போய் டிக்கெட் வராவிட்டால்? யு.பி.ஐ.யில் கடைக்காரருக்கோ நிறுவனத்துக்கோ கட்டிய பணம் அவர்களுக்கு உறுதியாகவில்லை என்றால், 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது ரிசர்வ் வங்கி 2019-ல் போட்ட விதி. பணப் பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

6. தெரியாமல் காசு பிடுங்குகிறதா?

முதல் திரையில் ஒரு விலை, கடைசித் திரையில் வேறு விலை. கேட்காமலே டிக் ஆகியிருக்கும் இன்ஷூரன்ஸ். "2 சீட்தான் இருக்கு, சீக்கிரம்!" என்று சும்மா மிரட்டும் சிவப்பு எழுத்து. "வேண்டாம், என் பயணத்துக்குப் பாதுகாப்பு தேவையில்லை" என்று நம்மையே குற்றவாளி ஆக்கும் பட்டன். இவற்றுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர்.

மத்திய அரசு 2023 நவம்பர் 30-ல் இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. பொய்யான அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். எந்த ஆப்பில் இப்படி நடந்தாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

7. கண்ணுக்கும் விரலுக்கும் ஏற்றதா?

சர்வதேச இணைய அணுகல் விதிகளின்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு இருக்க வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்து வெயிலில் தெரியாது. ஆண்ட்ராய்டு பரிந்துரைப்படி, தொடும் பட்டன் சுமார் 9 மில்லிமீட்டர் அளவாவது இருக்க வேண்டும். மிஷினில் வேலை பார்த்துத் தடித்த விரல்களுக்கு அதற்குக் குறைவாக இருந்தால் பக்கத்துப் பட்டன்தான் அழுந்தும்.

நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லக் கூடாது என்பதும் விதி. பஸ் ஆப்பில் பெண்களுக்கான சீட் வேறு நிறத்தில் மட்டும் இருந்தால், நிறக்குறைபாடு உள்ளவருக்கு அது புரியாது. கூடவே ஓர் எழுத்தோ படமோ வேண்டும்.

தட்கல் நேரமும் ஷிப்ட் நேரமும்

திரையில் எல்லாம் சரியாக இருந்தாலும் இன்னொரு தடை இருக்கிறது: நேரம்.

தட்கல், பயணத்துக்கு முந்தைய நாள் ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஏ.சி. அல்லாதவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. காலை 6 மணி வாக்கில் தொடங்கும் பர்ஸ்ட் ஷிப்ட்டில் இருப்பவர் அப்போது லைனில் நிற்பார். பல தொழிற்சாலைகளில் போன் லாக்கரில் இருக்கும். டீ பிரேக் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவானதாக ரயில்வே சொல்லியிருக்கிறது. போட்டி அவ்வளவு.

இடைத்தரகர்களையும் தானியங்கி மென்பொருள்களையும் தடுக்க, 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில் மட்டுமே ஆன்லைன் தட்கல் என்ற விதி வந்தது. ஜூலை 15 முதல் ஆதார் ஓ.டி.பி.யும் கட்டாயம். முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் தட்கல் போட முடியாது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடக் காலத்தில் எடுத்த ஆதாரில் அப்பா நம்பரைக் கொடுத்தவர்கள் நிறைய. அவர்களுக்கு ஓ.டி.பி. ஊரில் இருக்கும் அப்பா போனுக்குத்தான் போகும். அப்பா வயலில் இருந்தால் தட்கல் அவ்வளவுதான். பண்டிகைக்கு முன்பே ஆதாரில் செல்போன் எண்ணை மாற்றிவிடுவதே இதற்கு வழி.

சாதாரண முன்பதிவிலும் நேரக் கணக்கு உண்டு. 2024 நவம்பர் 1 முதல், முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்கே முன்பதிவு திறந்துவிடும். "60 நாள் முன்னாடி நினைவூட்டு" என்று ஒரு பட்டன் இருந்தால், நைட் ஷிப்ட் முடித்து வருபவர் தூங்கப் போகும் முன் போட்டுவிடலாம்.

இதெல்லாம் முடியாமல் போகும்போதுதான் "காசு வாங்கிட்டுப் போட்டுத் தர்ற அண்ணன்" தேவைப்படுகிறார். தனிப்பட்ட ஐ.டி.யில் காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு டிக்கெட் போட்டுத் தருவது ரயில்வே சட்டம் பிரிவு 143-ன்படி குற்றம். அந்த டிக்கெட்டை வைத்திருப்பவரும் சிக்கலில் மாட்டலாம். ஆப் கஷ்டமாக இருப்பதன் விலையைக் கடைசியில் பயணிதான் கொடுக்கிறார்.

புதிய ஆப்கள் என்ன மாற்றின?

ரயில்ஒன்: 2025 ஜூலை 1 அன்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிமுகம் செய்தது. முன்பதிவுக்கு ஒரு ஆப், சாதாரண டிக்கெட்டுக்கு ஒரு ஆப், புகாருக்கு ஒன்று என்று இருந்ததை ஒரே இடத்தில் கொண்டுவந்தது. பழைய ஐ.டி.யையே பயன்படுத்தலாம். கைரேகை அல்லது சிறு பின் நம்பர் போட்டு உள்ளே போகலாம். மறந்துபோகும் பாஸ்வேர்டிலிருந்து விடுதலை என்பது பெரிய முன்னேற்றம்.

சென்னை ஒன்: 2025 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூ.ஆர். டிக்கெட் என்பதுதான் இதன் சிறப்பு. "எங்கிருந்து எங்கே" என்று மட்டும் கேட்டு வழியை ஆப்பே சொல்லும் முறை, ஸ்டேஷன் பெயர் தெரியாத புதியவர்களுக்கு உதவும்.

ரயில்வேயின் முன்பதிவு அமைப்பையே மாற்றும் வேலையும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 32,000 டிக்கெட் என்ற திறனை 1.5 லட்சமாக உயர்த்துவது, பல மொழித் திரை, கட்டணக் காலண்டர் ஆகியவை 2025 ஜூனில் வெளியான அந்த அறிவிப்பில் இருந்தன. வேகம் கூடுவது நல்லது. ஆனால் வேகமான சர்வரால் தப்பான தேதியைத் திருத்த முடியாது. அது திரையின் வேலை.

நீங்களே சோதிப்பது எப்படி?

இதற்கு கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. 5 பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது நீல்சனின் புகழ்பெற்ற கருத்து. ரூமில் இருப்பவர்களையே கூப்பிடலாம். ஒருவர் புதியவர், ஒருவர் பழக்கப்பட்டவர், ஒருவர் தமிழ் தெரியாதவர் என்று கலந்து இருந்தால் இன்னும் நல்லது.

படி 1: ஆளுக்கு 3 வேலை கொடுங்கள். அ) செங்கல்பட்டிலிருந்து உங்கள் ஊருக்கு, அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரயிலைக் கண்டுபிடியுங்கள். ஆ) 2 பயணிகள் பெயரைச் சேர்த்து, பணம் கட்டும் திரை வரை போங்கள். பணம் கட்ட வேண்டாம். இ) டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று கண்டுபிடியுங்கள்.

படி 2: உதவி செய்யாதீர்கள். "அங்க அழுத்துடா" என்று சொல்லிவிட்டால் சோதனை வீண். எங்கே தயங்குகிறார், எங்கே பின்னால் போகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: வேலை முடிந்ததா, எத்தனை நிமிடம், எத்தனை தவறு என்று எழுதுங்கள். 5 பேரில் 3 பேர் ஒரே இடத்தில் தடுமாறினால், தப்பு அவர்கள் மீது இல்லை. திரை மீதுதான்.

படி 4: மார்க் போடுங்கள். 1986-ல் ஜான் புரூக் உருவாக்கிய ஒரு கேள்வித்தாள் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. மொத்தம் 10 வாக்கியம். ஒற்றைப்படை எண் வாக்கியங்கள் ஆப்பைப் பாராட்டும், இரட்டைப்படை எண் வாக்கியங்கள் குறை சொல்லும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். 5 என்றால் முழுக்க ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

கணக்கு இப்படி: ஒற்றைப்படை வாக்கியத்தில் கொடுத்த மார்க்கிலிருந்து 1 கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் 5-லிருந்து மார்க்கைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்க வேண்டும். உதாரணமாக, ஒருவர் ஒற்றைப்படைக்கெல்லாம் 4, இரட்டைப்படைக்கெல்லாம் 2 கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் 3 வீதம் கூட்டுத்தொகை 30. மதிப்பெண் 75. பொதுவாக 68 என்பது சராசரி. அதற்குக் கீழே வந்தால் அந்த ஆப்பில் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

குறை கண்டுபிடித்தால் யாரிடம் சொல்வது?

ரயில் சேவை தொடர்பாக 139 என்ற எண்ணிலும், ரயில்ஒன் ஆப்பில் உள்ள ரயில் மதத் பகுதியிலும் புகார் செய்யலாம். "ஆப் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. "செங்கல்பட்டில் நள்ளிரவு 12.40-க்கு வரும் ரயிலுக்கு, தேதி எந்த இரவைக் குறிக்கிறது என்று தெரியவில்லை. எங்களில் 5 பேரில் 3 பேர் தப்பாகத் தேர்வு செய்தோம்" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினால், எந்தத் திரையைத் திருத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை டிக்கெட் போடும் முன்

* ஆதாரில் உங்கள் கையில் இருக்கும் போன் நம்பர்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.
* பயணிகள் பட்டியலை முந்தைய நாளே சேமித்து வையுங்கள்.
* இரவு 12 மணிக்கு மேல் ஏறும் ரயில், பஸ் என்றால் தேதியையும் கிழமையையும் இருமுறை பாருங்கள்.
* தட்கல் திறக்கும் நாளை, ரயில் முதலில் புறப்படும் ஸ்டேஷன் தேதியை வைத்துக் கணக்கிடுங்கள்.
* 'உறுதியானால் மட்டும்' என்ற தேர்வை வேண்டுமா, வேண்டாமா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.
* கடைசித் திரையில் விலை கூடியிருந்தால், எது சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.
* 10, 11 மணிக்கு ஷிப்ட்டில் இருந்தால், வீட்டில் உள்ள ஒருவருக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். ஓ.டி.பி. யார் போனுக்கு வரும் என்பதையும் சேர்த்துத்தான்.